ஜீப்பில் என் கை மட்டும்

ஜனவரி 19

உரக்கடை சண்முகம் இந்த டைரியைக் கொடுத்தான். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பூச்சியின் படம், பக்கத்திலேயே அதைக் கொல்லும் மருந்தின் பேர். இன்றைக்குத் தண்டுதுளைப்பான். "உங்களுக்கு நிலமே கெடையாதே, இது எதுக்கு?" என்று கேட்டான். "நிலந்தான் இல்ல. பூச்சி இருக்குல்லா, எங்க மச்சான்" என்றேன். சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான்.

எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்பு டீச்சர் என்னை விட மனசில்லாமல் இன்னொரு வருஷமும் அங்கேயே உட்கார வைத்தார். அதற்கு மேலும் அவரைச் சிரமப்படுத்த வேண்டாமே என்று நான் தறிக்குப் போய்விட்டேன்.

இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. வக்கீல் நல்லசிவம் ஐயாவின் பேத்தி சுகன்யா சென்னையிலிருந்து வந்திருக்கிறது. கூடவே கேமரா பிடிக்க ஜெரால்டு என்று ஒருத்தன், தலையில் கொண்டை போட்டவன். "தம்பி, உலகம்மாகிட்டச் சொன்னா ரெண்டு முழம் பூ வச்சு விடுவா" என்றேன். உலகம்மாள் என் மகள். அவள் முறைத்தாள். அவன் நல்ல பையன், சிரித்தான்.

எண்பதாம் வருஷத் தேர்தலில் வக்கீல் ஐயா சுயேச்சையாக நின்றார். கூஜா சின்னம். எதிராளிக்குக் குடை. எங்களைக் கிண்டல் செய்ய அவர்கள் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை, "கூஜா தூக்கிகள் வருது பார்" என்றால் போதும். அந்தச் சமயம் பினாங்கிலிருந்து வந்திருந்த வக்கீல் ஐயாவின் மைத்துனர் ஒரு குட்டிக் கேமராவில் பிரச்சாரத்தை எல்லாம் படம் பிடித்தார். கலர்ப்படம், பேச்சு மட்டும் கிடையாது. டெபாசிட் போனதும் வக்கீல் ஐயா அந்தச் சுருள்களை டிரங்குப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாகிற வரைக்கும் திறக்கவில்லை. இப்போது பேத்தி திறந்துவிட்டது. அதை வைத்து ஆவணப்படம் எடுக்கிறதாம். அந்தத் தேர்தலில் கூட இருந்தவர்களை எல்லாம் பேச வைக்க வேண்டுமாம். மைக்கில் கத்தியவன் போய்ச் சேர்ந்தான், போஸ்டர் ஒட்டியவன் போய்ச் சேர்ந்தான், ஜீப் டிரைவர் போன ஐப்பசியில் போனார். மிச்சம் நான்.

"தாத்தா, எங்க தாத்தா பிரச்சாரத்துல உங்களுக்கு என்ன பொறுப்பு?"

"இடுப்புப் பொறுப்பு, தாயி."

பிள்ளை விழித்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். ஒரு ராத்திரி யோசிக்கட்டும்.

அவர்கள் கிளம்பும்போது சும்மா கேட்கிற மாதிரி ஒன்று கேட்டேன். "கீழப் புதுத்தெரு அந்தச் சுருள்ல வருதாம்மா?"

"தெரியல தாத்தா. எல்லாத்தையும் சென்னையில ஒரு லேப்ல கொடுத்திருக்கேன், இன்னும் கிளீன் பண்ணி முடிக்கல. ஏன்?"

"சும்மாதான். எங்க தெரு அது."


ஜனவரி 20

பனியனில் ஒரு குட்டி மைக்கைக் குத்தினார்கள். கரப்பான்பூச்சி ஏறின மாதிரி இருந்தது. பேசச் சொன்னார்கள், பேசினேன்.

வக்கீல் ஐயாவுக்குத் தலைசுற்றல் உண்டு. ஓடுகிற ஜீப்பில் நின்றால் கீழே விழுந்துவிடுவார். ஆனால் வேட்பாளர் நிற்க வேண்டுமே, உட்கார்ந்துகொண்டு ஓட்டுக் கேட்டால் எவன் போடுவான்? அதனால் கூரையைக் கழற்றிய ஜீப்பில் அவர் சீட்டின் மேல் ஏறி நிற்பார். நான் அவருக்குப் பின்னால் குத்தவைத்து, இரண்டு கையாலும் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வேன். தறிக்காரன் கை, பிடித்தால் விடாது. என் மேல் கூஜாப் படம் போட்ட கொடியைப் போர்த்தி, அதற்கு மேல் விழுந்த மாலைகளை எல்லாம் குவித்துவிடுவார்கள். வேட்பாளரை ஒருத்தன் தாங்கிப் பிடித்திருக்கிறான் என்று ஊருக்குத் தெரியக் கூடாது. வெளியே தெரிவது என் கை இரண்டும் மட்டும்தான். அதையும் மாலை பாதி மறைத்துவிடும்.

தொகுதி முழுக்க நான் அப்படித்தான் போனேன். எத்தனையோ ஊர் பார்த்தவன் என்று பேர், பார்த்தது வக்கீல் ஐயாவின் வேட்டியை மட்டும். சாமந்திப் பூ வாசம் வந்தால் இன்றைக்கும் எனக்கு முட்டி வலிக்கும்.

"வேடிக்கையா எதாவது நடந்துச்சா தாத்தா?"

வேட்டிக்கறைக் கதையைச் சொன்னேன். எங்கள் கீழப் புதுத்தெருவில் ஜீப் நின்றபோது பெண்கள் ஆரத்தித் தட்டோடு கூடிவிட்டார்கள். எவளோ தட்டைச் சாய்த்துவிட்டாள். என் கையில் ஈரமாக, பிசுபிசு என்று விழுந்தது. கொடிக்கு அடியில் இருந்தபடியே நல்ல வார்த்தையாகப் பார்த்து ஒன்று திட்டினேன். தெருமுனையில் இறங்கிப் பார்த்தால் கை எல்லாம் சிவப்பு. அதோடு போகவில்லை. வக்கீல் ஐயாவின் வெள்ளை வேட்டியில், பின்பக்கம், இருக்கக் கூடாத இடத்தில் சிவப்பாக ஒரு கறை. மாற்று வேட்டி கிடையாது. அந்தக் கோலத்திலேயே மீதி ஊருக்கும் போனார். மறுநாள் குடைக்காரர்கள் மைக் கட்டிச் சொன்னார்கள்: "பொதுமக்களே, கூஜா வேட்பாளருக்கு மூல வியாதி. அவரால சட்டசபையில உக்கார முடியாது. உக்கார முடியாதவருக்கா உங்கள் ஓட்டு?"

ஜெரால்டு சிரித்த சிரிப்பில் கேமரா ஆடிப்போய் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தார்கள். இரண்டாம் தடவை இன்னும் நன்றாகச் சொன்னேன்.


ஜனவரி 21

இன்றைக்கு வெள்ளை ஈ. குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடமும் நிறைந்தது.

சுகன்யாவிடம் நேற்றுச் சொல்லாத ஒன்று. அன்றைக்கு முப்பிடாதி வந்தாளா என்பது எனக்குத் தெரியாது.

முப்பிடாதி என் வீட்டுக்காரி. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. அவளுடைய அண்ணன் ஆவுடையப்பன் அப்போது குடைக்கு வட்டச் செயலாளர் மாதிரி. நான் கூஜா. முதல் ஆரத்தி என் வீட்டுத் தட்டாகத்தான் இருக்கும் என்று வக்கீல் ஐயாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் வந்து கேட்டால் அவள் முறுக்கினாள். வெகுநேரம் கெஞ்சின பிறகு, "உங்களுக்காவ வேணா வாரேன்" என்றாள்.

நான் கொடிக்கு அடியில் கிடந்தேன். வளையல் சத்தம் கேட்டது, குலவை கேட்டது, யார் வந்தது யார் போனது எப்படித் தெரியும்? சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றுக்கு உட்கார்ந்தேன். "கையக் கழுவிட்டியளா?" என்று கேட்டுக்கொண்டே தட்டை வைத்தாள். நான் கேட்டேன், "நீ வந்தியா?"

"நீங்கதான அங்கன இருந்திய. ஒங்களுக்குத் தெரியாதா?"

அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் கேட்பேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே பதில்தான், சிரிப்பும் அதே சிரிப்புதான். தெருவில் விசாரித்தால் ஒருத்தி வந்தாள் என்பாள், ஒருத்தி இல்லை என்பாள். ஊரைக் கேலி பண்ணித் திரிந்த என்னை வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒருத்தி இத்தனை வருஷம் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகவும் கேட்டுப் பார்த்தேன். மூக்கில் குழாயோடு கண்ணால் மட்டும் சிரித்தாள். சொல்லவில்லை.


ஜனவரி 23

விஷயம் ஆவுடையப்பன் மச்சான் காதுக்குப் போய்விட்டது. டீக்கடைக்கு வந்தார். அவருக்கு முன்னால் அவர் மீசை வந்தது. எண்பதை நெருங்குகிற ஆள். தலை பஞ்சாக வெளுத்துவிட்டது, மீசை மட்டும் மை போட்டுக் கருகருவென்று இருக்கிறது.

"என்ன மாப்ள, சினிமாவுல நடிக்கீராமே? என்ன வேஷம், கூஜாவா?"

"ஒமக்கும் ஒரு வேஷம் இருக்குன்னாவ மச்சான். மீசைக்குத் தனியாச் சம்பளமாம்."

டீ வரும்வரை இப்படிப் போனது. பிறகு நானே ஆரம்பித்தேன், எங்கள் தெருவும் அந்தச் சுருளில் இருக்கலாம் என்று. டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருந்தா நல்லதுவே. அப்பத் தெரியும், என் தங்கச்சி வரலைன்னு."

"வந்தா."

"வரல! மாரியம்மன் கோயில்ல என் முன்னால கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணினா, கூஜா வக்கீலுக்கு ஆரத்தி எடுக்க மாட்டேன்னு. சத்தியத்த மீறுற ரத்தம் இல்லவே எங்க ரத்தம்."

"கட்டின புருஷன்ட்ட வாரேன்னு சொன்னா. சொன்னா வருவா."

"எங்கம்மா பெத்த பிள்ளவே அவ!"

"எம் பிள்ளையப் பெத்தவவே அவ!"

டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டார். கடைசியில் பந்தயம் என்று வந்து நின்றது. முப்பிடாதி கூஜாவுக்கு ஆரத்தி எடுத்திருந்தால் அவர் மீசையை மழிக்க வேண்டும், இல்லாவிட்டால் நான். என்னுடையதை மீசை என்று நான் எடுத்துச் சொன்னால்தான் தெரியும். நியாயமாகப் பார்த்தால் அவருக்குத்தான் நஷ்டம். யோசிக்காமல் ஒத்துக்கொண்டார். அவ்வளவு நம்பிக்கை.


ஜனவரி 24

அவருடைய நம்பிக்கைதான் இடிக்கிறது.


ஜனவரி 30

கண்ணாஸ்பத்திரி முகாமில் பேர் கொடுத்துவிட்டேன். இரண்டு வருஷமாக உலகம்மாள் தொண்டை வறளச் சொன்னபோதெல்லாம் மாட்டேன் என்றவன், இன்றைக்கு நானே போய் நின்றேன். வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, எதிரே வருவது ஆளா மாடா என்று கொம்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"எப்பா, திடீர்னு என்ன ஞானம் வந்துச்சு?" என்றாள்.

"ரேஷன் கடை மெசேஜப் படிக்க முடியல" என்றேன்.

"ஒங்களுக்கு எங்க மெசேஜ் வருது? என் போனுக்குல்லா வருது."

"அதத்தான் சொல்லுதேன், ஒன் போன எட்டிப் பாக்க முடியல."


பிப்ரவரி 8

ஆபரேஷன் முடிந்தது. கறுப்புக் கண்ணாடி கொடுத்திருக்கிறார்கள். இதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் எனக்கே ஓட்டுப் போடலாம் போல இருக்கிறது. டாக்டரம்மா குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்றது. "சிரிக்கலாமா?" என்று கேட்டேன். சத்தமில்லாமல் சிரிக்கச் சொன்னது.


பிப்ரவரி 9

ஆடு என் சொட்டு மருந்துப் பெட்டியைத் தின்றுவிட்டது. நல்லவேளை, பாட்டில் என் இடுப்பில் இருந்தது.


பிப்ரவரி 17

கண் தெளிந்துவிட்டது. எதிர்வீட்டுச் சுவர் பச்சை என்று நினைத்திருந்தேன், நீலமாம். உலகம்மாளுக்கு இவ்வளவு நரை இருக்கிறது என்றும் தெரியாது. சொன்னேன். காபி வரவில்லை.

சாமி படங்களுக்குப் பக்கத்தில் முப்பிடாதியின் போட்டோ இருக்கிறது. ஆதார் கார்டிலிருந்து பெரிசு பண்ணினது. கிட்டே போய்ப் பார்த்தேன். அது அவள் இல்லை. "ஆடாம இரும்மா, அசையாம இரும்மா" என்று சொல்லிச் சொல்லி எடுத்தது; அவளோ ஆடாமல் அசையாமல் ஒரு நாளும் இருந்தவள் இல்லை. கல்யாண போட்டோவில் தலையைக் குனிந்து நிற்கிறாள், வகிடு மட்டும்தான் நன்றாக விழுந்திருக்கிறது.


பிப்ரவரி 22

இன்றைக்கு விசேஷம் ஒன்றும் இல்லை. இலைப்பேன்.

சுகன்யா உலகம்மாளின் போனுக்குப் பேசியது. மற்றச் சுருள் எல்லாம் நன்றாக வந்துவிட்டதாம். ஒரே ஒரு டப்பாவில் மட்டும் ஈரம் இறங்கி, படம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல் மாதிரி ஆகிவிட்டதாம். பினாங்குக்காரர் எல்லா டப்பாவிலும் ஊர் பேரை எழுதி ஒட்டியிருக்கிறார். ஒட்டிப்போன டப்பாவில் கீழப் புதுத்தெரு என்று இருக்கிறதாம்.

"சாரி தாத்தா. பிரிக்க ட்ரை பண்றாங்க. வரும்னு சொல்ல முடியாது."

"அதுக்கென்ன தாயி. அந்தத் தெருவுல என்ன இருக்கு, சாக்கடைதான்" என்றேன்.

பிறகு கொல்லைத் தொட்டியில் பாசி பிடித்திருந்தது ஞாபகம் வந்தது. தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டு உள்ளே இறங்கித் தேய்த்தேன். உலகம்மாள் வந்து பார்த்துக் கத்தினாள். "குனியக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாவல்லா! கண்ணு போறதுக்கா இவ்வளவு பாடு?" கண் இனிமேல் எதற்கு என்று வாய் வரைக்கும் வந்தது. தொட்டி சுத்தமாகிவிட்டது. ராத்திரிக்கு உப்புமா செய்திருந்தாள். எனக்கு உப்புமா பிடிக்காது, அதனால் சாப்பிடவில்லை.


பிப்ரவரி 25

ஒருத்தருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். பூச்சிகள் படித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குத் தெருமுனை தாண்டினதும் கொடிக்கு அடியிலிருந்து வக்கீல் ஐயாவிடம் கேட்டேன். "ஐயா, மாம்பழக் கலர்ச் சேலை கட்டின பிள்ள ஒங்களுக்குப் பொட்டு வச்சுதா?" காலையில் நான் கிளம்பும்போது அவள் அதைத்தான் கட்டியிருந்தாள்.

ஐயா பொய் சொல்லாதவர், அதனால்தான் தோற்றார். "இல்லப்பா. மாம்பழக் கலர் யாரும் எனக்குப் பொட்டு வைக்கல" என்றார்.

இதை ஆவுடையப்பனிடம் நான் சொன்னதே இல்லை. சொன்னால் மீசை இன்னும் இரண்டு அங்குலம் ஏறிவிடும். ஆனாலும் நான் நம்பினேன். ஐயாவுக்குத் தலைசுற்றல், கலர் சரியாகத் தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன். இத்தனை வருஷமும் அதைச் சொல்லித்தான் ஓட்டியிருக்கிறேன்.


மார்ச் 1

மச்சான் வீட்டுக்கே வந்தார். சுருள் கெட்டுப்போனது அவருக்கும் தெரிந்துவிட்டது. சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். உலகம்மாள் கொடுத்த மோரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"பந்தயம் தப்பிச்சுதுன்னு நெனைக்கீரா மச்சான்?" என்று சீண்டினேன்.

"போவும்வே." மோரைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மாம்பழக் கலர்ச் சேல நான் எடுத்துக் குடுத்தது, தெரியுமா? அந்த வருசப் பொங்கப்படி" என்றார்.

"தெரியும்."

"வந்தாளோ வரலையோ. நடந்து போறாப்புல ஒருதரம் பாத்தாப் போதும்வே. அவ கைய வீசி நடப்பா. அது மறந்துபோச்சு எனக்கு. எந்தக் கைய வீசுவான்னு மறந்துபோச்சு."

மோர் புளிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார்.


மார்ச் 6

பிரிந்துவிட்டது! பாதிக்கு மேல் தேறிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை சுகன்யா கொண்டுவந்து வக்கீல் ஐயா வீட்டிலேயே போட்டுக் காட்டுகிறதாம். அதுவரை தானும் பார்க்கப் போவதில்லையாம், எங்களோடு சேர்ந்துதான் பார்க்குமாம்.

உப்புமா இருந்தது. சாப்பிட்டேன்.


மார்ச் 9

காலையிலேயே போய்விட்டேன். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மச்சானும் வெள்ளையும் சொள்ளையுமாக வந்திருந்தார். தனியாக வரவில்லை, சலூன் முருகையாவையும் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"படம் முடிஞ்ச கையோட செரைச்சிரலாம்னுதான். நீரு ஓடிருவீரு" என்றார்.

"கத்தி நல்லாத் தீட்டியிருக்காலே முருகையா? காடு கொஞ்சம் பெருசு" என்றேன்.

ஹாலின் ஜன்னல்களைப் போர்வையால் மூடிச் சுவரில் படத்தை விட்டார்கள். ஜெரால்டு சுவரைப் பார்க்காமல் எங்கள் முகத்துக்கு நேரே கேமராவை வைத்துக்கொண்டான். "என்னப்பா, படம் அங்க ஓடுது" என்றேன். "எனக்குப் படம் இங்கதான் தாத்தா" என்றான்.

முதலில் மற்ற ஊர்கள் ஓடின. வக்கீல் ஐயா ஜீப்பில் வருகிறார், கும்பிடுகிறார், எவ்வளவு ஒல்லி. டிரைவர் பீடியோடு சிரிக்கிறார். போஸ்டர் ஒட்டுகிறவன் பசைவாளியைத் தலையில் கவிழ்த்துக்கொள்கிறான். போய்ச் சேர்ந்தவர்கள் எல்லாம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவருகிறார்கள். சத்தமே இல்லை. எல்லாத் தெருவிலும் ஐயாவின் இடுப்பில் இரண்டு கை. முருகையாதான் கேட்டான், "அது யாரு கை மாமா?" மச்சான் சொன்னார், "அந்தா உக்காந்திருக்காம் பாரு, கூஜா தூக்கி."

சுவர் முழுக்கப் பழுப்பாகப் புள்ளி புள்ளியாக வந்தது. "இதான் தாத்தா, உங்க தெரு" என்றது சுகன்யா.

வேப்பமரம் வந்தது. இப்போது அது இல்லை. குழாயடி வந்தது. ஜீப் நிற்கிறது. பெண்கள் தட்டோடு வந்து மொய்க்கிறார்கள். ஒருத்தி சுற்றிப் பொட்டு வைக்கிறாள், அடுத்தவள் வைக்கிறாள். மாம்பழக் கலர் இல்லை. இன்னொருத்தி. இல்லை. புள்ளி வந்து மறைக்கிறது, விலகுகிறது. மச்சான் என் தொடையைப் பிடித்துக்கொண்டார், அது என் தொடை என்று அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

பிறகு வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

இடது கையை வீசிக்கொண்டு வந்தாள். வலது கையில் தட்டு.

"எடது கை" என்றார் மச்சான். "எடது கைவே."

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். ஐயா பார்த்தார், பொட்டுக்கு வாகாக நெற்றியைக் குனிந்து நீட்டினார். அவள் நிற்கவில்லை. நீட்டின நெற்றி நீட்டினபடி அந்தரத்தில் இருக்க, அவரைத் தாண்டி ஜீப்பின் பக்கவாட்டுக்குப் போய்விட்டாள். எட்டிப் பார்த்தாள். மாலைகளை விலக்கினாள். அடியில் என் கை இருந்தது.

அந்தக் கைக்கு ஆரத்தி சுற்றினாள். தேரில் வந்த சாமிக்குச் சுற்றுவது போல நிதானமாகச் சுற்றினாள். தட்டில் விரலை நனைத்து என் புறங்கையில் அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள்.

அந்தக் கை, வெடுக்கென்று உதறியது. உதறிவிட்டு, பொட்டை வக்கீல் ஐயாவின் வேட்டியில் பின்பக்கம் நன்றாகத் தேய்த்துத் துடைத்துக்கொண்டது.

அவள் சிரித்தாள். தட்டு ஆடச் சிரித்தாள். யாரோ படம் பிடிக்கிறார்கள் என்று அப்போதுதான் கண்டு, நேரே எங்களைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஜீப் நகர்ந்தது. அவ்வளவுதான் படம், பிறகு பழுப்பு.

மச்சான் என் பக்கம் திரும்பினார்.

"பாத்தீரா. வக்கீலுக்கு வைக்கல. சத்தியத்தக் காப்பாத்திட்டா."

"பாத்தேன். வாரேன்னா, வந்தா."

"யாரு மீசைய எடுக்கணும்?" என்றான் முருகையா, பெட்டியைத் திறந்துகொண்டு.

"மூடுலே" என்றோம் இரண்டு பேரும்.

சுகன்யா மெதுவாகக் கேட்டது. "தாத்தா, அந்த நேரம் கொடிக்குள்ள இருந்து ஏதாவது சொன்னீங்களா? அவங்க அப்படிச் சிரிக்கிறாங்களே."

"மந்திரம் சொன்னேன் தாயி" என்றேன். என்ன மந்திரம் என்று நான் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறேன், பிள்ளைக்கு அந்தத் திட்டு மறந்திருக்காது. மேற்கொண்டு கேட்கவில்லை. மறுபடியும் போட்டது. மறுபடியும் வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள். எத்தனை தடவை போட்டார்கள் என்று எண்ணவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு உலகம்மாள் வந்து கூப்பிட்டவள் தானும் உட்கார்ந்துவிட்டாள்.

ஜீப் போன அன்றைக்குச் சாயங்காலம் சோறு போட வந்த முப்பிடாதி, கையக் கழுவிட்டியளா என்று கேட்டாள். ஆமாம், எவளோ சாய்த்துவிட்டாள், குழாயடியில் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்துக் கழுவிவிட்டேன் என்று நான் சொன்னேன். மணக்க மணக்க ரசம் ஊற்றினாள்.


மார்ச் 10

அந்துப்பூச்சி. வலது புறங்கையை நல்ல கண்ணால் பார்த்தேன். தோல் சுருங்கிவிட்டது.


மார்ச் 14

ஜெரால்டு அந்த இடத்தைப் போட்டோவாக்கி அனுப்பியிருக்கிறான். ஆதார் போட்டோவைக் கழற்றிவிட்டு உலகம்மாள் இதை மாட்டினாள். அதில் வக்கீல் ஐயா பாதிதான் இருக்கிறார். முப்பிடாதி முழுசாக இருக்கிறாள், நாக்கைக் கடித்துக்கொண்டு. நான் கை மட்டும். மாலை போட எங்களுக்கு மனசு வரவில்லை, இவ்வளவு சிரிக்கிறவளுக்கு எப்படிப் போடுவது?

மச்சான் பார்க்க வந்தார். ஒரு பிரதி அவருக்கும் வேண்டுமாம். என் கையை வெட்டிவிட்டுத் தரச் சொன்னார். "அப்ப அதுல ஒட்டியிருக்க பொட்டுக்கறையும் போயிரும், பரவாயில்லையா?" என்றேன். "சரி, கை கெடக்கட்டும்" என்றார்.

காபி குடித்து முடித்தார். கிளம்பி வாசல் வரைக்கும் போய்விட்டார். மீசையை முறுக்கிக்கொண்டு அவர் படி இறங்கின தோரணை எனக்குப் பொறுக்கவில்லை.

"மச்சான், ஒண்ணு கேக்கணும். அந்தத் தேர்தல்ல முப்பிடாதி ஓட்டு யாருக்குப் போட்டிருப்பா?"

படியிலேயே நின்றுவிட்டார். "இதென்னவே கேள்வி? குடைக்குத்தான்."

"கூஜாவுக்கு."

"சத்தியம் பண்ணியிருக்காவே!"

"ஆரத்திக்குத்தான சத்தியம்? ஓட்டுக்கு உண்டா?"

கற்பூரம் அணைத்தபோது என்ன சொன்னாள் என்று வார்த்தை வார்த்தையாக அவர் யோசிப்பது தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்து, போட்டோவுக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"குடைவே" என்றார். "பந்தயமா?"

"பந்தயம்."

"மீசை?"

"மீசை."

"உலகம்மா, இன்னொரு காபி போடு தாயி" என்றார். ஓட்டுப்பெட்டிக்குள் எந்தப் பினாங்குக்காரனும் கேமராவைக் கொண்டுபோயிருக்க முடியாது. சாகிற வரைக்கும் எங்களுக்கு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள்.